சொல் தேடுவோர்க்கு ஏணி சமைத்தவர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் ஒருவர்)

நெஞ்சிலே கருத்து நிறைந்திருக்கும். நாவிலே சொல் வந்து நில்லாது. இந்தத் துன்பத்தை அறியாத மாணவர் நம் கல்லூரியில் எவரும் இரார். அதிலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே பயின்று, இங்கு வந்து ஆங்கிலத்தில் அறிவியல் கற்கும் என்னைப் போன்றோர்க்கு இது நாள்தோறும் நேரும் துன்பம். பொருள் தெரிகிறது, அதற்குரிய சொல் தெரியவில்லை. அகராதியைப் புரட்டினாலும் பயனில்லை. சொல்லைத் தெரிந்தவனுக்கு அது பொருளைச் சொல்லும். பொருளை வைத்துக்கொண்டு சொல்லைத் தேடுபவன் எந்தப் பக்கத்தைத் திறப்பான்?

இந்த வினாவுக்கு விடை காண ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒரு குறிப்பேட்டைக் காத்து வைத்திருந்தார் ஓர் ஆங்கில மருத்துவர். பீட்டர் மார்க் ரோஜே என்பது அவர் பெயர். பிரெஞ்சு வழிப் பெயராதலின் அதன் இறுதி எழுத்து ஒலிப்பதில்லை. அவரை நான் அறிய நேர்ந்ததே நான் செய்த ஒரு தவற்றினால்தான்.

சென்ற ஆண்டு ஆங்கில வகுப்பில், தந்தையின் தொழிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார் பேராசிரியர். என் தந்தையார் பனையேறும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெருமையோடுதான் எழுதினேன். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் 'கிளைம்ப்' என்னும் சொல் மட்டும் பதினொரு முறை வந்துவிட்டது. பேராசிரியர் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, நூலகத்திற்குச் சென்று ரோஜேயின் 'தெசாரஸ்' என்ற நூலைப் பார்க்கும்படி அனுப்பினார்.

சென்று பார்த்தேன். 'ஏற்றம்' என்ற தலைப்பின்கீழ் வரிசையாகச் சொற்கள்! பசித்தவன் விருந்துக்குள் நுழைந்தது போல் ஆயிற்று. இருப்பவற்றுள் மிகவும் பகட்டாகத் தெரிந்த 'எஸ்கலேடு' என்பதைத் தேர்ந்தெடுத்து, என் தந்தையார் நாள்தோறும் பனையை 'எஸ்கலேடு' செய்வதாக எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார். அச்சொல் பகைவர் கோட்டை மதிலில் ஏணி சார்த்திப் படை ஏறுவதைக் குறிக்குமாம். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும் இடுப்பில் அரிவாள்பெட்டியோடு மரத்தில் நிற்கும் அப்பாவை நினைத்தபோது, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இத்தனை சொற்களை அள்ளிக் கொடுத்தவர் அவற்றின் வேறுபாட்டை ஏன் சொல்லாமல் விட்டார்? அந்தச் சினத்தோடுதான் ரோஜேயின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன்.

பிறப்பும் இளமையும்

ரோஜே 1779ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஜீன் ரோஜே, சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரிலிருந்து வந்த சமயப் போதகர். தாயார் கேதரின், பிரான்சிலிருந்து குடிபெயர்ந்த ரோமிலி குடும்பத்தைச் சேர்ந்தவர். குழந்தைக்கு நான்கு வயதாகும்போதே, 1783இல், காசநோய் தந்தையைக் கொண்டுபோயிற்று. இளம் விதவையான தாய், மகனையும் கைக்குழந்தையான மகளையும் அழைத்துக்கொண்டு ஓரிடத்தில் நிலைக்காமல் ஊர் ஊராக வீடு மாறி வாழ்ந்தார். தந்தையின் இடத்தில் நின்று அக்குடும்பத்தைத் தாங்கியவர் தாய்மாமன் சாமுவேல் ரோமிலி. புகழ்பெற்ற வழக்கறிஞரான அவர், சிறு குற்றங்களுக்கும் தூக்குத் தண்டனை விதித்து வந்த அக்கால ஆங்கிலச் சட்டங்களைத் திருத்தப் பாராளுமன்றத்தில் போராடியவர்.

நிலையற்ற அந்த வாழ்வில் சிறுவன் பீட்டர் பற்றிக்கொண்ட துணை சொற்கள். பிற பிள்ளைகள் தெருவில் ஆடிய பருவத்திலேயே, குறிப்பேட்டில் சொற்களை இனம் இனமாகப் பிரித்து எழுதி வைப்பது அவனுக்குப் பழக்கமாயிற்று. விலங்கின் பெயர்கள் ஒருபுறம், உடலுறுப்புகள் ஒருபுறம் என்று அடுக்குவதில் அவன் மனம் அமைதி கண்டது போலும்.

1793இல், பதினான்கு வயதில், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தாயும் தங்கையும் அவருடன் அங்கேயே குடியேறினர். 1798இல், பத்தொன்பது வயதில், மருத்துவப் பட்டம் பெற்றார். நம்மில் பலர் பட்டப்படிப்பின் நடுவில் இருக்கும் வயது அது.

தட்டுத்தடுமாறிய ஆண்டுகள்

பட்டம் கிடைத்ததும் பாதை தெளிந்துவிட்டதா என்றால், இல்லை. பத்தொன்பது வயது மருத்துவரிடம் நோயாளிகள் வரவில்லை. அடுத்த ஆறு ஆண்டுகள் அவர் இருட்டறையில் சுவரைத் தடவி நடப்பவரைப் போலவே நடந்தார்.

1799இல் பிரிஸ்டல் நகருக்குச் சென்று, வாயுக்களைச் சுவாசிக்கச் செய்து நோய் தீர்க்க முயன்ற டாக்டர் பெடோசின் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அங்கே இளைஞரான ஹம்ப்ரி டேவி, நைட்ரஸ் ஆக்சைடு என்னும் சிரிப்பூட்டும் வாயுவை ஆராய்ந்து கொண்டிருந்தார். அதைத் தாமே சுவாசித்துப் பார்த்தவர்களுள் ரோஜேயும் ஒருவர். அவ்வனுபவம் குறித்து அவர் தந்த விவரம் டேவி 1800இல் வெளியிட்ட நூலில் இடம் பெற்றுள்ளது. பலர் இன்பம் கண்ட அவ்வாயு, ரோஜேக்குத் தலைசுற்றலையும் கலக்கத்தையுமே தந்தது. தன் எண்ணங்கள் தன் ஆளுகையை விட்டு நழுவுவதை அவர் விரும்பாதவர்.

1800இல் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாமிடம் சேர்ந்து, உணவுப் பொருள்களைக் கெடாமல் காக்கும் குளிரறை ஒன்றை அமைக்கும் திட்டத்தில் சில வாரங்கள் உழைத்தார். அதுவும் நிறைவேறவில்லை.

1802இல் மான்செஸ்டர் பஞ்சாலை முதலாளி ஒருவரின் இரு மகன்களுக்கு ஆசிரியராகி, அவர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். பாரிசில் சில மாதங்கள் தங்கிவிட்டு ஜெனீவாவை அடைந்தனர். 1803இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மீண்டும் போர் மூண்டது. பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் இருந்த ஆங்கில ஆடவரைச் சிறைப்பிடிக்க நெப்போலியன் ஆணையிட்டான். அப்போது ஜெனீவாவும் பிரான்சோடு இணைக்கப்பட்டிருந்தது. இருபத்து நான்கு வயது ஆசிரியர், பிறர் பிள்ளைகள் இருவருடன் பொறியில் அகப்பட்டார். இறந்துபோன தந்தையின் பிறந்த ஊர்தான் அவரைக் காத்தது. தாம் ஜெனீவாக் குடிமகனின் மகன் என்பதை நிறுவி, குடியுரிமைச் சான்று பெற்று, மாணவர்களோடு சுவிட்சர்லாந்து வழியாக எல்லை கடந்து ஜெர்மனி சேர்ந்தார். அங்கிருந்து இங்கிலாந்து திரும்பினார்.

குறிப்பேடு பிறந்த கதை

1804இல் மான்செஸ்டர் பொது மருத்துவமனையில் மருத்துவர் பதவி கிடைத்தது. பஞ்சாலைகளின் புகை மூடிய நகரம் அது. நோயாளிகளைக் கவனித்ததோடு, உடலியல் குறித்துச் சொற்பொழிவுகளும் ஆற்றினார். பேசவும் எழுதவும் தொடங்கியபோதுதான் தம் குறை அவருக்குத் தெரிந்தது. கருத்துக்கு ஏற்ற சொல் வேண்டிய நேரத்தில் வாராமல் நழுவியது.

தம் இளமைப் பழக்கத்தைக் கொண்டே அதற்கு மருந்து தேடினார். 1805இல் தம் சொந்தப் பயனுக்காக ஒரு சிறு சொற்பட்டியலை வகுத்து முடித்தார். அகரவரிசைப்படி அமைக்காமல் பொருள்வரிசைப்படி அமைத்தார். ஏற்றம் என்ற கருத்துக்கு உரிய சொற்கள் ஓரிடத்தில், அதன் எதிரான இறக்கத்துக்கு உரியவை அதனருகில், தொடுதலுக்கு உரியவை வேறிடத்தில் என்று அடுக்கினார். அச்சிடும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. ஒரு மாணவன் தன் தேர்வுக்குக் குறிப்பெடுப்பது போல எடுத்த குறிப்பு அது. தமக்குப் பெரிதும் பயன்பட்டதால் அதைத் தம்முடனே வைத்துக்கொண்டார்.

லண்டனில் அறிவியல் பணி

1808இல் லண்டனில் குடியேறினார். ஏழை நோயாளிகளுக்கான மருந்தகம் ஒன்றை நிறுவ உதவி, அங்குப் பல ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்தார். அத்துடன் இயற்பியலிலும் கணிதத்திலும் அவர் ஆர்வம் பெருகியது.

இயற்பியல் மாணவர்கள் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். கால்குலேட்டர் வருவதற்கு முன் பொறியாளர்களின் கையில் இருந்தது ஸ்லைடு ரூல் என்னும் கணிப்பு அளவுகோல். எண்களின் மடக்கைகளை நீளங்களாகக் குறித்து, ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்திப் பெருக்கலையும் வகுத்தலையும் அதில் செய்வர். மடக்கையின் மடக்கையையே அளவாகக் குறித்தால் அடுக்குகளையும் மூலங்களையும் நகர்த்தியே கண்டுவிடலாம் என்று காட்டியவர் ரோஜே. இதை விளக்கிய கட்டுரையே 1815இல் அவரை இராயல் சொசைட்டியின் உறுப்பினராக்கியது.

1824 டிசம்பரில் இன்னொரு கட்டுரையை அக்கழகத்தில் அளித்தார். செங்குத்துப் பட்டைகளின் இடைவெளி வழியாக, உருளும் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தால் அதன் ஆரக்கால்கள் வளைந்து தோன்றுகின்றன. கண்ணில் விழுந்த ஒளியின் பதிவு சிறிது நேரம் நிலைப்பதால் இத்தோற்றம் ஏற்படுவதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். இதனால் அவரைத் திரைப்படத்தின் தந்தை என்பாரும் உளர், அது மிகை. எனினும் ஃபாரடே, பெல்ஜியத்து பிளாட்டோ ஆகியோர் 1830க்குப் பின் சுழலும் தட்டுகளைக் கொண்டு செய்த சோதனைகளுக்கு முன்னோடியாக இக்கட்டுரை அமைந்தது.

1827 முதல் 1848 வரை இருபத்தோர் ஆண்டுகள் இராயல் சொசைட்டியின் செயலாளராக விளங்கினார். தொழிலாளரும் படிக்கத்தக்க மலிவு விலை நூல்களை வெளியிட 1826இல் தோன்றிய பயனுள்ள அறிவைப் பரப்பும் கழகத்தில் பங்கேற்று, மின்னியல், காந்தவியல் பற்றி எழுதினார். 1834இல் விலங்கு, தாவர உடலியல் குறித்து இரு தொகுதிகள் கொண்ட பெருநூலை வெளியிட்டார். ஓய்வு நேரத்திலும் புதிர்களை விட்டாரில்லை. சதுரங்கக் குதிரையை அறுபத்து நான்கு கட்டங்களிலும் ஒவ்வொரு முறை மட்டும் நிறுத்தி நடத்தும் புதிருக்கு 1840இல் ஒரு தீர்வு எழுதினார்.

துயரங்கள்

வெளியே இத்தனை வெற்றி, வீட்டிலோ துயரம். 1818 அக்டோபர் இறுதியில் தாய்மாமன் ரோமிலியின் மனைவி இறந்தார். அப்பிரிவைத் தாங்க மாட்டாத ரோமிலி, சில நாள்களில், நவம்பர் 2ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மருத்துவராகிய மருமகன் அவ்வீட்டில் உடனிருந்தும் காப்பாற்ற இயலவில்லை. தந்தைக்குத் தந்தையாய் நின்றவரைத் தம் கண்முன்னே இழந்த அவ்வதிர்ச்சியிலிருந்து மீள அவருக்கு நெடுநாள் ஆயிற்று.

1824இல், நாற்பத்தைந்து வயதில், மேரி ஹாப்சன் என்ற மங்கையை மணந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர். ஒன்பதே ஆண்டுகளில், 1833இல், மேரி புற்றுநோயால் மறைந்தார். முதுமையில் மனம் கலங்கிய தாயும் 1835இல் காலமானார். தாயில்லாப் பிள்ளைகள் இருவரோடு ரோஜே தம் பணிகளைத் தொடர்ந்தார்.

எழுபத்து மூன்றாம் வயதில்

1840இல் மருத்துவத் தொழிலையும், கழகத்தில் எழுந்த பூசல்களுக்குப் பின் 1848இல் செயலாளர் பதவியையும் விட்டார். எழுபதை எட்டும் முதியவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தால் எவரும் குறை சொல்லியிரார். அவரோ பழைய பெட்டியிலிருந்து 1805ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை எடுத்தார். தம்மைக் காத்த மருந்து பிறருக்கும் உதவட்டும் என்று துணிந்து, மூன்று நான்கு ஆண்டுகள் இரவு பகலாக விரிவாக்கினார். 1852இல் லாங்மன் நிறுவனத்தார் அதை வெளியிட்டனர். அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று. 'தெசாரஸ்' என்றால் கருவூலம் என்று பொருள்.

தாவரங்களையும் விலங்குகளையும் வகுப்பு, வரிசை, குடும்பம், இனம் எனப் பிரிப்பது போலவே ரோஜே சொற்களையும் பிரித்தார். நுண்கருத்து, இடம், பருப்பொருள், அறிவு, விருப்பம், உணர்ச்சி என ஆறு பெரும் வகுப்புகள். அவற்றின்கீழ் ஆயிரம் தலைப்புகள். எதிர்ப்பொருள் உடையவை பக்கத்துக்குப் பக்கம் நிற்கும்.

என் வினாவுக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. சொற்களின் நுட்ப வேறுபாடுகளை விளக்குவது தம் நோக்கமன்று என்று ரோஜே முன்னுரையிலேயே தெளிவாக்கிவிட்டார். தேடுபவன் தன் கருத்தை அறிவான். சொற்களை அவன்முன் வைத்தால் உரியதை அவனே கண்டுகொள்வான் என்பது அவர் நம்பிக்கை. அது அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவரை எண்ணிக் கொண்ட நம்பிக்கை. என் போன்றோர் அந்த ஏணியில் ஏறுமுன் ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டிப் பார்க்காமல் காலை வைத்தது என் தவறு.

ஏறுதலும் துழாவுதலும்

ஆகவே கோடை விடுமுறையில் அகராதியும் கையுமாக அந்தச் சொற்களைத் தட்டிப் பார்த்தேன்.

'கிளைம்ப்' பொதுச்சொல். படி, மரம், மலை எதில் ஏறினாலும் பொருந்தும். 'அசெண்ட்' என்பதில் முயற்சி தெரிவதில்லை. புகையும் பலூனும் மேலே செல்வதற்கும் அது ஆகும். 'மவுண்ட்' என்பது குதிரை, மேடை போன்றவற்றின்மேல் ஏறி நிலைகொள்வது. 'ஸ்கேல்' என்பது மதிலையோ செங்குத்துப் பாறையையோ ஏறிக் கடப்பது. 'கிளாம்பர்' என்பது கால் மட்டும் போதாமல் கையையும் ஊன்றி, அகப்பட்டதைப் பற்றி, ஒழுங்கின்றிச் சிரமப்பட்டு ஏறுவது. அத்துடன் அவசரமும் சேர்ந்தால் 'ஸ்கிராம்பிள்'. ஒரு பொருளுக்காகப் பலர் முண்டியடிப்பதும் அதுவே.

தமிழிலும் இப்படித்தான். ஏறுதல் பொது. கொடியும் ஏறும், விலையும் காய்ச்சலும் ஏறும். தொற்றி ஏறுதல் என்றால் கால் வைக்கப் படியில்லாத இடத்தில் கையாலும் காலாலும் ஒட்டிக்கொண்டு ஏறுவது. காலை எட்டு மணிப் பேருந்தில் நாம் வருவது அப்படித்தான். தாவி ஏறுதலில் வேகம் உண்டு, பிடி குறைவு. இவர்தல் என்றொரு பழஞ்சொல், ஏறுவதையும் கொடி படர்வதையும் சேர்த்துச் சொல்லும்.

இதை அப்பாவிடம் கேட்டேன். ஏறுவதற்கும் தொற்றி ஏறுவதற்கும் என்ன வேறுபாடு என்றதும் அவர் சற்றும் தயங்கவில்லை. தொழில் பழகும் பையன்தான் தொற்றி ஏறுவான். தொழில் தெரிந்தவன் ஏறுவான் என்றார். மரத்தடியில் முறுக்குத்தடியைச் சார்த்தி, காலில் தளைநாரை மாட்டி, மரத்தை மார்போடு அணைத்து, கையும் காலும் மாறி மாறி ஒரே சீராக அவர் ஏறுவதை நான் பிறந்தது முதல் பார்க்கிறேன். அதில் தடுமாற்றம் இல்லை. ஆகவே அது 'கிளாம்பர்' அன்று. எவரோடும் போட்டியில்லை, ஆகவே 'ஸ்கிராம்பிள்' அன்று. புகை போல் எளிதாக எழுவதும் அன்று. நான் முதலில் எழுதிய 'கிளைம்ப்' என்ற சாதாரணச் சொல்லே அவர் தொழிலுக்குச் சரியான சொல். பதினொரு முறை எழுதியதுதான் பிழை, சொல்லில் பிழையில்லை. ஆனால் பக்கத்துச் சொற்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்த பிறகே அது எனக்குத் தெரிந்தது.

தேடும் கையைக் குறிக்கும் சொற்கள் இன்னும் நுட்பமானவை. 'குரோப்' என்பது இருளில் கையால் வழியையோ பொருளையோ தேடுவது. விரலில் குறையில்லை, ஒளிதான் இல்லை. 'ஃபம்பிள்' என்பதில் ஒளி இருந்தாலும் விரல் சொன்னபடி கேட்பதில்லை. ஆய்வகத்தில் தேர்வாளர் அருகில் நிற்கும்போது மின்கம்பியைத் திருகில் மாட்ட முடியாமல் நம் கை படும் பாடு அது. ரோஜே மரபில் வந்த பதிப்புகளில் இச்சொல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தொடுதலின்கீழும் வரும், சோதித்துப் பார்த்தலின்கீழும் வரும், திறமையின்மையின்கீழும் வரும். கை தொடுகிறது, மனம் தேடுகிறது, செயல் தவறுகிறது. மூன்றும் அதில் உண்டு.

தமிழிலோ தடவுதல் மேற்பரப்பில் கை ஓடுவது. துழாவுதல் பானைக்குள்ளோ பைக்குள்ளோ நீருக்குள்ளோ கையையோ அகப்பையையோ விட்டு எல்லாப் பக்கமும் தேடுவது. வருடுதலில் அன்பு உண்டு. நெருடுதல் விரல்நுனியின் வேலை. அளைதல் சோற்றிலும் சேற்றிலும் குழந்தையின் கை செய்வது. தடுமாறுதல் காலுக்கும் நாவுக்கும் மனத்துக்கும் பொது.

பனையின் உச்சியில் விடியுமுன் இருட்டில் அப்பாவின் கை செய்வது என்ன என்று கேட்டேன். மட்டைகளுக்கு இடையே துழாவக் கூடாது. கருக்கு கையைக் கிழித்துவிடும். தடவித்தான் கலயத்தைக் காண வேண்டும் என்றார். அவருக்கு அது மொழியாராய்ச்சி அன்று. கையைக் காக்கும் வழி.

நம் நிகண்டுகள்

சொற்களைப் பொருள்வழி தொகுப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. வடமொழி அமரகோசத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு கோல்புரூக் என்பவரால் 1808இல் வங்காளத்துச் சேரம்பூரில் அச்சிடப்பட்டது. அதை ரோஜே தம் முன்னுரையின் அடிக்குறிப்பில் சுட்டியிருக்கிறார். அதன் பகுப்புமுறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே தமிழில் திவாகர நிகண்டு தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று தொடங்கி, செயல்களின் பெயர்களுக்கும் ஒலிகளின் பெயர்களுக்கும் தனித்தனித் தொகுதிகள் வைத்துப் பன்னிரண்டாகப் பகுத்தது. பிங்கலமும் சூடாமணியும் அவ்வழி வந்தன. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை நான்காக வகுத்தார். இவை மனப்பாடம் செய்து கற்க எழுந்த நூல்கள். ரோஜேயின் நூலோ வேண்டும்போது திறந்து பார்ப்பதற்கு எழுந்தது. பயன் வேறாயினும், இருவகையிலும் உழைத்த உள்ளம் ஒன்றே.

இறுதி நாள்கள்

நூல் வெளிவந்த பின்னும் ரோஜே ஓயவில்லை. அவர் வாழ்நாளிலேயே இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்தன. புதிய சொற்களை ஓரங்களில் குறித்துச் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1869 செப்டம்பர் 12ஆம் நாள், ஓய்வுக்காகச் சென்றிருந்த மேற்கு மால்வெர்ன் என்னும் ஊரில், தொண்ணூறாம் வயதில் உயிர் நீத்தார். அவர் மகன் ஜான் லூயிஸ் அந்தக் குறிப்புகளைச் சேர்த்து 1879இல் பெரும்பதிப்பு வெளியிட்டார். மகனுக்குப் பின் பேரன் அப்பணியை ஏற்றார். மருத்துவம், இயற்பியல், கணிதம் என்று பல துறைகளில் உழைத்தவரை உலகம் நினைவில் வைத்திருப்பது, இருபத்தாறு வயதில் தமக்கென எழுதி வைத்த ஒரு குறிப்பேட்டினால்தான்.

நண்பர்களே! தேர்வில் ஒரு சொல் கிடைக்காமல் தவித்தவன் அறிவில்லாதவன் என்று எண்ணிவிட வேண்டா. இராயல் சொசைட்டியின் செயலாளரும் அப்படித் தவித்தவரே. நம் பெற்றோர் செய்யும் தொழில்கள் ஒவ்வொன்றிலும் இத்தகைய சொற்கள் குவிந்து கிடக்கின்றன. தறியிலும், வலையிலும், ஏரிலும், அடுப்பங்கரையிலும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறமொழிச் சொல்லை அளந்து பார்க்க அவையே நமக்கு அளவுகோல்.

விடுமுறை முடிந்து வந்ததும் அந்த ஒரு பக்கத்தை மீண்டும் எழுதினேன். அதில் 'கிளைம்ப்' மூன்று முறையும், 'குரோப்' ஒரு முறையும் இருந்தன. பேராசிரியர் படித்தார், இம்முறை சிவப்பு மை தேவைப்படவில்லை. நூலகத்தில் அந்த நூல் மூன்றாம் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அதில் ஒட்டியுள்ள தாளில் என் தேதிகளுக்கு முன் இரண்டே தேதிகள் உள்ளன. இக்கட்டுரையைப் படிப்பவர்களால் அந்தத் தாள் நிரம்புமானால் மகிழ்வேன்.